எட்டாவது எண்ணிக்கை

கூடைப்பந்துக் கோடுகளின் மேல் மேசை போட்டிருந்தார்கள்.
பாரோ ஆற்றங்கரை ஊர். பிப்ரவரி.
அடுத்த கட்டடத்து நீச்சல்குளத்தின் குளோரின்
சுவர் தாண்டி வந்து கண்ணைக் கரித்தது.
கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான்,
கடன் வாங்கிய பென்சிலோடு.
கொடுத்தவள் கிரான்யா, எதிர்க்கட்சிக்காரி,
என்னைவிட வேகமாகக் கோடு கிழிப்பவள்.

அயர்லாந்து அவைக்கு இந்தத் தொகுதியிலிருந்து ஐந்து பேர்.
நாலு பேரைத் தோளில் தூக்கியாயிற்று.
மிச்சமிருப்பது ஓர் இடம், இரண்டு ஆள்:
என் அக்கா செனுவாரா,
நானூறு பன்றி வளர்க்கும் ஒரு நல்ல மனிதர்.
இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா
வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

இங்கே தோற்றவனோடு ஓட்டு சாவதில்லை.
அவன் கட்டைப் பிரித்து
இரண்டு என்று யார் பெயருக்கு நேரே எழுதியிருக்கிறதோ
அங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள்.
மூன்று வாரம் விளக்கினேன். அப்பா தலையாட்டினார், புரியவில்லை.
ஒரு நாள் பாத்திரம் கழுவுகையில்
குழாயை மூடிவிட்டுக் கேட்டார்:
“நாம் வந்த மாதிரியா?”

மின்கம்பங்களில் முகத்தைக் கட்டியது நான்தான்,
இரவு ரொட்டித் தொழிற்சாலை முடிந்து,
மாவுக் கையோடு, ஏணியில்.
மழை அவள் முகத்தைக் கழுவி
முக்காட்டின் நீலத்தை மட்டும் விட்டுவைத்தது.
டல்லோ சாலையில் எவனோ மீசை வரைந்திருந்தான்.
கழற்றப் போனேன். விடு, என்றாள்,
பொறுமையாக வரைந்திருக்கிறான்.

அவள் பேசியது வாடகையைப் பற்றி,
ஒன்பது மணிக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் பஸ் இல்லாததைப் பற்றி.
அவர்கள் கேட்டது
நோன்பில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாயா,
தண்ணீர்கூடவா?

இரவு இரண்டேகால். ஒரு சீட்டில் எண்ணும் கைகள் நின்றன.
அதிகாரி விளக்கடியில் தூக்கிப் பிடித்தார்.
முகவர்கள் எல்லாரும் கழுத்தை நீட்டினோம்.
அக்காவின் பெயருக்குப் பக்கத்தில், நீல மையில்,
வீட்டுக்குப் போ.
அதன் பக்கத்திலேயே, கட்டத்துக்குள், மூன்று.

ஒருவரும் பேசவில்லை.
எனக்கு வேறொன்று நினைவு வந்தது:
பேகனல்ஸ்டவுன் பக்கம் ஒரு தனி வீடு,
கதவு திறந்த கிழவர், கையில் இடுக்கி,
சொட்டச் சொட்ட நின்றவளைப் பார்த்து
இதே மூன்று சொல்லைச் சொன்னார்:
வீட்டுக்குப் போ, பெண்ணே, நனைந்துவிட்டாய்.
இது அவர் கையா, வேறு யாருடையதோ.
தாளில் தொனி தெரிவதில்லை.
“எண் தெளிவாக இருக்கிறது,” என்றார் அதிகாரி.
செல்லும்.
முதல் இருவரும் ஏற்கெனவே வீழ்ந்தவர்கள்.
சீட்டு அவள் கட்டில் போய் உட்கார்ந்தது.

வித்தியாசம் பதினொன்று. யாருக்கு அதிகம்
என்பதை ஒலிபெருக்கி சொல்லி முடிப்பதற்குள்
யாரோ கத்தினார்கள்: மறுபடி எண்ணு.

அந்தச் சொல் அப்பாவை எழுப்பியது.
பார்வையாளர் படிக்கட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்
எழுந்து சப்பாத்தைத் தேடினார்.
நாஃப் நதிக்கு அந்தப் பக்கம்
வருடம் ஒருமுறை எங்களை எண்ண வந்தார்கள்.
வாசலில், வயது வரிசையில், பலகையில் எண் எழுதி, ஒரு புகைப்படம்.
வராதவன் பெயர் மேல் சிவப்புக் கோடு.
சந்தைக்குப் போயிருந்தாலும் கோடுதான்.

வாருங்கள், என்றார் எங்கள் மொழியில்,
அரைத் தூக்கத்தில், கறாராக.
அம்மா போய் நின்றாள். நான் நின்றேன்.
வேட்பாளர் வந்தாள்,
கால்சட்டை விளிம்பில் சேறும், நெஞ்சில் கட்சி ரிப்பனுமாக.
ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் இடத்தில் நின்றாள்,
அம்மாவுக்கும் தனக்கும் நடுவே
ஓர் ஆள் அகலம் விட்டு.
படகேறிய அண்ணன் ஜொபையரின் அகலம் அது.

அப்பா விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார்.
கிரான்யா, குடும்பப் படம் என்று நினைத்து,
கம்பி மேல் சாய்ந்து போனைத் தூக்கினாள்.
“கொஞ்சம் நெருங்கி நில்லுங்கள்.”

நாங்கள் நெருங்கவில்லை.